பின் இல்லாத ஸ்க்ரோல் சா பிளேடு சென்னையில் எங்கே கிடைக்கும்?

வணக்கம். போரூரில் இருக்கிறேன். ஒரு வருடமாக ஸ்க்ரோல் சா மெஷினில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி வளைவுகளை அறுக்கும் மேசை ரம்பம்) மரவேலை பழகுகிறேன். அம்மா போடும் சிக்குக் கோலத்தை 12 மி.மீ. தேக்கில் அறுத்து, பூஜை அறைக் கதவில் பதிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

கோலத்தின் ஒவ்வொரு கண்ணுக்கும் துளை போட்டு, பிளேடைக் கழற்றி, உள்ளே நுழைத்து, மறுபடி மாட்ட வேண்டும். என்னிடம் இருப்பது இரு முனையிலும் குறுக்கே சின்னக் கம்பி (பின்) வைத்த 5 அங்குல பிளேடு. அந்தப் பின் நுழையவே பெரிய துளை வேண்டும். சின்னக் கண்களின் ஓரம் சிதைந்துவிடுகிறது. பின் இல்லாத பிளேடு என்றால் மெல்லிய துளையே போதும். என் மெஷினில் இரண்டு வகையும் மாட்டலாம்.

பாரிமுனை செம்புதாஸ் தெருவில் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தேடினேன். எல்லாக் கடையிலும் ஜிக்சா (கையில் பிடித்து அறுக்கும் மின் ரம்பம்) பிளேடைத்தான் எடுத்து நீட்டினார்கள். பின் இல்லாத பிளேடு, 3, 5ஆம் நம்பர் அளவுகளில், டஜன் கணக்கில் எங்கே கிடைக்கும்?

அப்புறம், தேக்கு கருகுகிறது. மேலே பேக்கிங் டேப் ஒட்டியதும் ஓரளவு குறைந்தது, ஆனால் வளைவுகளில் இன்னும் கருப்பு விழுகிறது. வேகம் அதிகமா, பிளேடு மழுங்கிவிட்டதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நேரில் காட்டித்தர முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை பலகையோடு வந்துவிடுகிறேன்.