காலாட்படைக்கு இலகு மோர்ட்டார் இன்னும் தேவையா?

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
குண்டு சுமக்கும் டிரோன்கள் பிளாட்டூன் (ஏறத்தாழ முப்பது வீரர் கொண்ட சிறு பிரிவு) அளவிலேயே கிடைக்கத் தொடங்கிய இந்நாளில், 51 அல்லது 60 மி.மீ. விட்டக் குழாயிலிருந்து குண்டை உயர எறியும் மோர்ட்டார் என்னும் சிறு பீரங்கியைச் சுமந்து செல்வதால் வீரர்களுக்கு என்ன பயன்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (ஜாலஹள்ளி):
பயன் மிகப் பெரிது. 45 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் எழும்பிச் செங்குத்தாக இறங்கும் குண்டு, மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருப்பவரையும் எட்டுகிறது. நேராகச் சுடும் துப்பாக்கியால் அது இயலாது. தோளில் வைத்துச் சுடும் 40 மி.மீ. குண்டு ஏவிகள் பெரும்பாலும் 400 மீட்டருடன் நின்றுவிட, அமெரிக்காவின் 60 மி.மீ. எம்224 ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் வரை சுடும். புகைக் குண்டையும் வெளிச்சக் குண்டையும் அதே குழாய் செலுத்துகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறுமொழி 2 (இந்திராநகர்):
ஐயா சொல்வது சரியே, ஆயினும் சுமையையும் பார்க்க வேண்டும். இருகால் தாங்கியும் அடித்தட்டும் சேர்ந்தால் எம்224 சுமார் 20 கிலோ. குண்டுகளின் எடை தனி. மலையேறும் பிளாட்டூனுக்கு, வீச்சு குறைந்தாலும் 51 மி.மீ. போதும் என்பது என் கருத்து.

மறுமொழி 3 (ஜாலஹள்ளி):
மலைக்கு ஒப்புக்கொள்கிறேன். டிரோனைப் பொறுத்தவரை, மின்னணு இடையூறு அதன் கட்டுப்பாட்டைத் துண்டிக்கலாம். குழாயிலிருந்து புறப்பட்ட சாதாரண மோர்ட்டார் குண்டை எந்த அலைவரிசையும் தடுக்காது. உக்ரைனில் டிரோன் இலக்கைக் காட்ட, மோர்ட்டார் சுடுகிறது.