போக்கிமான் கார்டு: 6,000 ரூபாய்க்கு எதை வாங்குவது?

கீழ்க்கட்டளை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு அ, ஆ கூடத் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்குப் பன்னிரண்டு. போன பிறந்தநாளுக்குத் தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் 55 கார்டு போட்ட தங்க நிறப் பெட்டி ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினான். அப்புறம் பள்ளி வேனில் ஒரு பெரிய பையன் "இது எல்லாமே டூப்ளிகேட்" என்று சொல்லிவிட்டானாம், அன்றைக்கு ஆரம்பித்த அழுகை இன்னும் முழுதாக நிற்கவில்லை.

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான், பொங்கலுக்கு வருகிறான். ஒரிஜினலாக வாங்கி வா, 6,000 ரூபாய் வரை போகலாம் என்று சொன்னேன். அவன் கடைக்குப் போய் அலமாரியைப் படமெடுத்து அனுப்பி "எது?" என்று கேட்கிறான். பெரிய பெட்டி ஒன்று, ஆறு பாக்கெட் வைத்த சின்னப் பெட்டி ஒன்று, டெக் என்று எழுதிய ஒன்று, முழுக்க ஜப்பானிய எழுத்தில் ஒன்று. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. பையனுக்கு சாரிஸார்ட் என்கிற போக்கிமான் வேண்டும். பெண்ணுக்கு ஈவீ பிடிக்கும், ஆனால் "அவனோடு விளையாட ஆள் வேண்டுமே, கடைசியில் நான்தான் மாட்டுவேன்" என்கிறாள். இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் "பிரிக்காமல் வைத்தால் பத்து வருஷத்தில் லட்சக்கணக்கில் போகும்" என்று எங்கோ பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். அது உண்மையா?

தெம்பனிஸ்காரன்:

அக்கா, உங்கள் 6,000 இங்கே சிங்கப்பூரில் 80, 90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரும். முதலில் அந்த அலமாரியில் இருப்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய பெட்டி எலைட் டிரெய்னர் பாக்ஸ். உள்ளே ஒன்பது பாக்கெட், கார்டைப் போட்டு வைக்க 65 உறை, தாயக்கட்டைகள், போக்கிமான் தாக்குவதற்குத் தேவையான எனர்ஜி கார்டு கொஞ்சம் இருக்கும், பெட்டியும் அழகாக இருக்கும், பிள்ளைகள் பிறகு அதில்தான் எல்லாவற்றையும் போட்டு வைப்பார்கள். சின்னது பூஸ்டர் பண்டில், ஆறு பாக்கெட்டைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. ஆங்கிலப் பாக்கெட் ஒன்றில் பத்து கார்டு, எது வரும் என்று பிரித்தால்தான் தெரியும். ஜப்பானியப் பாக்கெட்டில் பெரும்பாலும் ஐந்துதான், அதனால்தான் விலை குறைவாகத் தெரியும். கார்டின் பின்பக்கமும் வேறு. அச்சு அருமையாக இருக்கும், சேர்ப்பவர்கள் விரும்பி வாங்குவார்கள், ஆனால் உங்கள் பையன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படிப் படிப்பான்? இங்கே இந்தோனேசிய, தாய் மொழிப் பதிப்புகளும் கண்ணில் படும், தம்பி அவசரத்தில் எடுத்துவிடப் போகிறார், சொல்லி வையுங்கள்.

பையனுக்கு சாரிஸார்ட்தான் வேண்டுமென்றால் பாக்கெட் பிரித்துத் தேடாதீர்கள், ஒற்றைக் கார்டாக வாங்குங்கள். 2023 செப்டம்பரில் வந்த 151 என்ற தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். அதில் சாரிஸார்ட் ஈஎக்ஸ் (ஈஎக்ஸ் என்றால் பலம் கூடிய வகை) ஒரே ஆட்டத்திறனோடு வெவ்வேறு படங்களில் வரும். கார்டின் அடியில் 006/165 என்று இருந்தால் சாதாரணப் படம், சில வெள்ளிகளுக்குக் கிடைக்கும். 199/165 என்று இருந்தால் அதுதான் எல்லோரும் அடித்துக்கொள்ளும் படம். அது நூறு அமெரிக்க டாலரை எப்போதோ தாண்டிவிட்டது. ஆட்டத்தில் இரண்டும் ஒன்றே, ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று வரும் என்று நிறுவனம் வெளியிடுவதில்லை. பெட்டி பெட்டியாகப் பிரித்து எண்ணியவர்கள் கணக்குப்படி, அந்த வகைக் கார்டு ஏதாவது ஒன்று வர முப்பது பாக்கெட் சுமாருக்கு ஆகும். அந்த வகையில் மொத்தம் ஏழு கார்டு. அந்த ஏழில் சாரிஸார்ட்தான் வேண்டுமென்றால் இருநூறு பாக்கெட்டுக்கு மேல். உங்களிடம் இருப்பது ஒன்பது பாக்கெட் காசு.

இன்னொன்று, பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக விற்கும் பாக்கெட்டைத் தெரியாத ஆளிடம் வாங்க வேண்டாம். நான் ஒரு முறை ஆன்லைனில் பன்னிரண்டு வாங்கினேன், பன்னிரண்டிலும் சருகு. அதிர்ஷ்டமா, அந்த ஆளின் கைவேலையா, இன்றுவரை தெரியவில்லை.

அறுபதுக்கு_அறுபது:

சென்னையில் வாராவாரம் ஆடுகிறவன் நான். தெம்பனிஸ்காரர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அவர் சாரிஸார்டைத் தனியாக வாங்கச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். அதை வைத்து அந்தப் பையன் என்ன செய்வான்? சாரிஸார்டை நேராகக் களத்தில் இறக்க முடியாது. முதலில் சார்மாண்டர் இறங்க வேண்டும், அதன் மேல் சார்மிலியன், அதற்கு மேல்தான் சாரிஸார்ட். நடுப்படியைத் தாண்ட ரேர் கேண்டி என்று ஒரு கார்டு உண்டு, அதுவும் தனியாகக் கையில் வர வேண்டும். ஆட்டத்துக்குச் சரியாக 60 கார்டு, ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது, அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் வரம்பில்லை. தொடக்கத்தில் ஏழு கார்டு கையில் எடுப்போம், ஆறு கார்டைக் கவிழ்த்துப் பரிசாக, அதாவது எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது எடுத்துக்கொள்ள, ஒதுக்குவோம். உங்களிடம் ஒரே ஒரு சாரிஸார்ட் இருந்து அது அந்த ஆறுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் பாதி ஆட்டம் வரை அதன் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. அதனால்தான் ஆடுகிறவர்கள் மூன்று நான்கு சார்மாண்டர், இரண்டு மூன்று சாரிஸார்ட் என்று வைத்துக்கொள்கிறோம்.

எலைட் பெட்டியில் ஒன்பது பாக்கெட், 90 கார்டு, 60 போதுமே என்று எல்லா அப்பா அம்மாவும் கணக்குப் போடுவார்கள். நானும் போட்டேன். பிரித்தால் சார்மிலியன் இரண்டு இருக்கும், சார்மாண்டர் இருக்காது. பூண்டு, மிளகு, பெருங்காயம் எல்லாம் வாங்கி வந்துவிட்டுப் புளியை மறந்த கதைதான்.

வீட்டில் இரண்டு பேர் ஆட வேண்டும் என்கிறீர்கள், அப்படியென்றால் பேட்டில் அகாடமி வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு. ஒரே பெட்டியில் ஆடத் தயாராக 60 கார்டு டெக், அதாவது சீட்டுக்கட்டு, மூன்று, விரிக்க ஒரு பலகை, சொல்லித்தரும் கையேடுகள். கார்டின் ஓரத்தில் சின்ன அடையாளமும் எண்ணும் அச்சிட்டிருப்பார்கள், முதல் ஆட்டத்துக்கு அந்த வரிசையில் அடுக்கினால் கையேடு "இப்போது இதை எடு, இதை வை" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். 2024 பதிப்பில் பிகாச்சு, டார்க்ராய், ஆர்மரூஜ். 2022 பதிப்பு எங்காவது மிச்சம் இருந்தால் உங்கள் பெண்ணுக்கு லாட்டரி, அதில் பிகாச்சு, சிண்டரேஸ் கூட ஈவீக்கு ஒரு டெக் உண்டு. மூன்றும் ஏறக்குறைய சம பலம், அதனால் சண்டை வராது. சரி, குறைவாக வரும்.

அலமாரியில் இருக்கும் அந்த "டெக்" லீக் பேட்டில் டெக்காக இருந்தால் அது நல்ல சரக்கு, கடைப் போட்டிக்கே எடுத்துப் போகலாம். ஆனால் ஒன்றுதான் வாங்குவீர்கள், அதை வைத்துத் தம்பி அக்காவைத் தினமும் புரட்டி எடுப்பான், அவள் மூன்றாம் நாள் எழுந்து போய்விடுவாள். அதோடு கார்டின் இடது கீழ் மூலையில் கட்டத்துக்குள் ஒரு எழுத்து இருக்கும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகாரப்பூர்வப் போட்டியில் பழைய எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழியும். 2025 ஏப்ரலில் எஃப் போனது, அப்போது மிஞ்சியவை ஜி, எச், ஐ, அதற்கு அடுத்த வரிசை ஜி-க்குத்தான். 2024-இல் வந்த சாரிஸார்ட் ஈஎக்ஸ் லீக் டெக்கில் அந்த சாரிஸார்டே ஜி. டிரகபல்ட் ஈஎக்ஸ் டெக் என்றால் முக்கியக் கார்டு எச், ஜி-யை விட அதிக நாள் ஓடும். வீட்டுக் கூடத்தில் ஆட எழுத்தெல்லாம் யாரும் கேட்கப் போவதில்லை.

அந்தத் தங்கப் பெட்டி போலிதான், சந்தேகமே வேண்டாம். ஒன்றை ஓரத்தில் மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். ஒரிஜினல் கார்டின் இரண்டு தாளுக்கு நடுவில் கறுப்பாக ஒரு மெல்லிய அடுக்கு ஓடும்.

பழைய டிரம்ப் கார்டு:

இவ்வளவு பேசுகிறீர்களே, நேராகச் சொல்லுங்கள், இது பெட்டிக்கடைப் பரிசு அட்டைதானே? எங்கள் காலத்தில் நாலணா கொடுத்தால் ஒரு சீட்டுக் கிழிக்கலாம். மேலே பெரிய ரப்பர் பந்து தொங்கும், நமக்கு வருவது ஊசிப்போன மிட்டாய். சீட்டு தீர்கிற வரை அந்தப் பந்து யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்தார்கள், அதற்கு அப்புறம் ஒன்பது வயதுப் பையனுக்கு நாமே வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பழக்குகிறோம். கேரம் போர்டு வாங்கிக் கொடுங்கம்மா, மிச்சக் காசுக்குப் பவுடர் வாங்கலாம்.

அறுபதுக்கு_அறுபது:

ஐயா, பாக்கெட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அதனால்தான் பாக்கெட்டே இல்லாத பெட்டியைச் சொன்னேன். ஆனால் கேரமில் தோற்ற பையன் போர்டைக் கவிழ்த்ததை நான் பார்த்திருக்கிறேன், கவிழ்த்தது நான்தான்.

ஸ்காபரோ அப்பா:

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறேன். எனது மகளுக்கு இந்த ஆட்டத்தில் துளியும் விருப்பம் இல்லை. நானும் மினக்கெட்டு விதி எல்லாம் படித்துப் பழக்கிப் பார்த்தேன், இரண்டு நாளில் கைவிட்டாள். அவளுக்குப் படம் பார்க்கத்தான் ஆசை. ஒன்பது பை உள்ள அல்பம் தாள் இருக்கிறதல்லவா, அதில் நடுப் பையில் ஈவீயை வைத்தாள். ஈவீ எட்டு விதமாக உருமாறும், அந்த எட்டையும் சுற்றி வர வைத்தாள். அந்த ஒரு பக்கத்துக்கு மூன்று மாதம் எடுத்தது. எல்லாம் கடையில் பெட்டிக்குள் கொட்டி வைத்திருக்கிற சில்லறைக் காட்கள், பெறுமதி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் விடமாட்டாள். உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு பக்கம் தொடங்கிக் கொடுங்கள், சாதாரணப் பதிப்பாகப் பார்த்து எடுத்தால் ஒன்பது காட்டும் ஒரு எலைட் பெட்டி விலையில் கால்வாசிகூட வராது. 2025 ஜனவரியில் வந்த பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் முழுக்க ஈவீ கூட்டம்தான், ஆனால் அதன் பெட்டிகளை விலையை ஏற்றி விற்கிறவர்கள் பின்னால் போகவேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு: 2021-இல் இங்கே கனடாவில் சனம் பட்ட பாட்டை அவர் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்காவில் டார்கெட் கடைகள் அந்த ஆண்டு மே மாதம் பாதுகாப்பை யோசித்துக் கடைக்குள் காட் விற்பதையே நிறுத்தின. ஐம்பத்திரண்டு லட்சத்து எழுபத்தையாயிரம் டொலருக்கு ஒருவர் வாங்கிய பிகாச்சு இருக்கிறதே, அது எந்தப் பாக்கெட்டிலும் வந்தது அல்ல, ஜப்பானில் தொண்ணூறுகளின் கடைசியில் ஓவியப் போட்டியில் வென்றவர்களுக்குக் கொடுத்தது. 1999-ஆம் ஆண்டுக் காட்கள் விலை போவதற்குக் காரணம், அன்றைக்குப் பெடியள் அதைச் சட்டைப்பையில் போட்டு மழையில் நனைத்து நாசமாக்கினார்கள், நல்லது கொஞ்சம்தான் மிஞ்சியது. இப்போது ஒவ்வொருவரும் பிரித்த கையோடு உறைக்குள் போடுகிறார்கள், பிரிக்காத பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே அடுக்குகிறார்கள். அவருடைய பெட்டியைப் பத்து வருடம் கழித்து யார் தேடி வரப் போகிறார்கள்?

அதற்காகப் பாக்கெட்டே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்கு அதைக் கிழிக்கிற சத்தமே ஒரு சந்தோஷம். ஆளுக்கு இரண்டு, அதோடு நிறுத்துங்கள்.

கீழ்க்கட்டளை அம்மா:

அனைவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பையன் தூங்கிய பிறகு தங்கக் கார்டு ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். கறுப்பும் இல்லை, தாளும் இல்லை, வெறும் பிளாஸ்டிக், கத்தரிக்கோல் வைத்துத்தான் வெட்ட வேண்டியிருந்தது. காலையில் துண்டைப் பார்த்துவிட்டான். அழுவான் என்று பயந்தேன், "நான் ஒன்று வெட்டவா?" என்று கேட்டான். பன்னிரண்டு கார்டு காலி. மீதியைத் தன் வகுப்பில் ஒரு பையனுக்குக் கொடுக்கப் போகிறானாம், "டூப்ளிகேட் என்று சொல்லியே கொடுப்பேன்" என்கிறான்.

தம்பியிடம் பேட்டில் அகாடமி ஒன்று, 006 சாரிஸார்ட் ஒன்று, ஈவீயும் அந்த எட்டும், ஒன்பது பை தாள் பத்து, ஆங்கிலப் பாக்கெட் நான்கு என்று சொல்லியாயிற்று. 2022 பதிப்பு இருக்கிறதா என்றும் கேட்கச் சொன்னேன். மூலையில் எழுத்துப் பார், அடியில் எண் பார், ஜப்பானியம் கூடாது, பிரித்த பெட்டி கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனதும் "அக்கா, உனக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட... சே, எனக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நீ இவ்வளவு கேட்கவில்லை" என்கிறான்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. உறை என்ன அளவு வாங்க வேண்டும்?

தெம்பனிஸ்காரன்:

கார்டு 63க்கு 88 மில்லிமீட்டர். ஸ்டாண்டர்ட் அளவு உறை என்று கேட்டால் போதும், 66க்கு 91 என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். ஜப்பானிய அளவு என்று கொஞ்சம் சின்னது ஒன்று அதன் பக்கத்திலேயே தொங்கும், அது வேறு விளையாட்டுக்கு, இதில் நுழையாது. பின்பக்கம் நிறம் போட்டதாக வாங்கச் சொல்லுங்கள். தம்பி எந்தப் பேட்டையில் இருக்கிறார்? தெம்பனிஸ் பக்கம் என்றால் 006 என்னிடமே இரண்டு கூடுதலாக இருக்கிறது, காசு வேண்டாம், ஒரு கரும்புத் துண்டு போதும்.