தேடலில் சிக்காத ‘கோரிப்பாளையம்’: வழு அறிக்கையை மூடிவிட்டார்கள், இனி என்ன செய்வது?

அழைப்பிதழ்க் கடை, திருமங்கலம்:
வணக்கம். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விவரங்களைக் கட்டற்ற உரைத்திருத்தி ஒன்றில் ஒட்டி அழைப்பிதழ் தயாரிக்கிறேன். ‘கோரிப்பாளையம்’ என்று தேடினால் சில இடங்களைக் காட்டும் திருத்தி, கண்ணெதிரே இருக்கும் வேறு சில இடங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. மண்டப முகவரியை மொத்தமாக மாற்றும்போது பழைய முகவரி ஓரிடத்தில் தங்கி, அப்படியே அச்சேறினால் கடைக்குத்தான் கெட்ட பெயர். திருத்தியை உருவாக்குபவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட்டுடன் வழு அறிக்கை (மென்பொருள் பிழை பற்றிய புகார்) அனுப்பினேன். தங்களிடம் அந்தச் சிக்கல் வரவில்லை என்று மூடிவிட்டார்கள். புதிதாக எழுதலாமா?

வைகைக்கரை:
மூடியவரைக் குறை சொல்வதற்கில்லை. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுத முடியும்: ககரத்தை அடுத்து 3019 என்ற எண்ணுள்ள ஒற்றைக் குறி வரலாம், அல்லது 3015 என்ற இரட்டைச்சுழிக் கொம்பும் 3006 என்ற காலும் தனித்தனியே வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால், ஸ்கிரீன்ஷாட் எடுத்த அந்தக் கணமே சான்று அழிந்துவிடுகிறது. அவர் தம் விசைப்பலகையில் தட்டச்சு செய்து பார்த்திருப்பார். எல்லாம் ஒரே வகையாக அமைந்து, தேடலும் சரியாகவே நடந்திருக்கும்.

ஆகவே, சிக்கிய சொல் ஒன்றும் சிக்காத சொல் ஒன்றுமாக இரண்டே வரிகள் உள்ள கோப்பை உருவாக்கி, பழைய அறிக்கையிலேயே இணைத்து, மீண்டும் திறக்கும்படி கேளுங்கள். சொல்லைக் கருத்துப் பெட்டியில் ஒட்டினால் வழியில் ஏதாவது ஒரு மென்பொருள் அதை மாற்றிவிடக்கூடும் என்பதால் கோப்பாகவே அனுப்புங்கள். மென்பொருளின் பதிப்பு எண்ணையும் இயங்குதளத்தையும் குறிப்பிட மறக்க வேண்டாம். முழு அழைப்பிதழை மட்டும் பதிவேற்றாதீர்கள். தாய்மாமன் பெயர் முதல் கைபேசி எண் வரை எல்லாம் பொதுவெளிக்குப் போய்விடும்.

பைத்தான் பழகுநர், திருப்பரங்குன்றம்:
இந்த வழுவைத் திருத்த முனைபவர்களுக்கு ஒரு சொல். இரண்டு வடிவங்களும் சமமானவை என்று யூனிகோட் தரமே வரையறுத்திருப்பதால், இது மென்பொருள் தரப்பில் தீர வேண்டிய வழுதான். ஆனால் பயனரின் கோப்பையே மாற்றி எழுதுவது முறையன்று. தேடும்போது மட்டும் தேடுசொல், கோப்பு ஆகிய இரு பக்கத்தையும் இயல்பாக்கி (அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து) ஒப்பிட வேண்டும். சங்கடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: பிரிந்த ‘கோ’வில் மூன்று குறிகளும் சேர்ந்த ‘கோ’வில் இரண்டும் இருப்பதால், கண்டுபிடித்த இடத்தை மூலக் கோப்பின் இடத்தோடு பொருத்தாவிட்டால், நிறமிட்டுக் காட்டும் பகுதி ஓரெழுத்து தள்ளி விழும், ‘மாற்று’ கட்டளையோ பக்கத்துச் சொல்லையும் சிதைத்துவிடும். இதற்கான சோதனை நிரலும் சேர்ந்து வராத திருத்தத்தை நான் ஏற்க மாட்டேன்.

முன்பதிப்பில் தேடல் சரியாக இருந்ததா என்பதையும் எழுதுங்கள். இருந்திருந்தால், நிரலில் செய்த மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்க உதவும் ‘கிட் பைசெக்ட்’ கட்டளையைக் கொண்டு ஆயிரம் மாற்றங்களுக்கிடையே சுமார் பத்துச் சோதனைகளில் காரணத்தைப் பிடித்துவிடலாம்.

அழைப்பிதழ்க் கடை, திருமங்கலம்:
மிக்க நன்றி. ‘கௌசல்யா’ என்ற பெயரும் இப்படித்தான் அவ்வப்போது தவறிப்போகிறது. அதையும் அதே கோப்பில் சேர்க்கட்டுமா?

வைகைக்கரை:
முதலில் அதன் எழுத்துகளைப் பிரித்துப் பாருங்கள். பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் ‘கெ’ போட்டு அடுத்து ளகரத்தைத் தட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் யூனிகோட் அவற்றைச் சமமாகக் கருதுவதில்லை. அப்படியிருந்தால் அது எழுத்துப்பிழை, மென்பொருளின் வழு அன்று. இந்த அறிக்கையில் அதைக் கலந்தால் விவாதம் அந்தப் பக்கம் திரும்பிக் ‘கோ’ கிடப்பில் போய்விடும்.