பேய் வந்ததும் பயம் போயிடுச்சு: படம் பார்த்த அனுபவங்கள் சில

எல்லாரும் அவங்கவங்க பார்த்த படத்தைப் பத்தி சொல்லிட்டு இருக்கீங்க, என் பங்குக்கு நானும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. நான் பேய்ப் படம், த்ரில்லர், காதல், அடிதடி, அனிமேஷன்னு எதையும் விடாம பார்க்குற ஆளு.

முதல்ல ஒரு பேய்ப் படம். பேர் வேண்டாம், எடுத்தவங்களும் கஷ்டப்பட்டுதான் எடுத்திருப்பாங்க. தியேட்டர்ல எனக்குப் பக்கத்து சீட்ல ஒரு பொண்ணு, காலேஜ் படிக்கிற வயசு இருக்கும். படம் ஆரம்பிச்சு அரை மணி நேரம் ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டு விரல் சந்து வழியாத்தான் பார்த்துட்டு இருந்துச்சு. மாடில யாரோ நடக்குற சத்தம் வரும், கதவு லேசா திறக்கும், உடனே அந்த விரல் சந்து இன்னும் சின்னதாயிடும். எனக்கும் முதுகெல்லாம் சில்லுனு இருந்துச்சு, பொய் சொல்லல. அப்புறம் இன்டர்வெல்லுக்கு முன்னாடி அந்தப் பேய் முழுசா வந்து நின்னுச்சு, வெள்ளை மேக்கப், கிழிஞ்ச வாய், கிராபிக்ஸ்ல சுத்துற முடி. அந்தப் பொண்ணு கையை இறக்கி மடியில வச்சிடுச்சு. மிச்சப் படம் பூரா நிமிர்ந்து உக்காந்து சாதாரணமா பார்த்துச்சு. எதுக்கு பயந்தோமோ அது வந்து நின்னதும் பயம் போயிடுச்சு. அதுக்கப்புறம் எந்தப் படம் பார்த்தாலும், இவங்க எதைக் காட்டுறாங்க, எதைக் காட்டாம விடுறாங்கன்னு கவனிக்குறதே எனக்குப் பழக்கமாயிடுச்சு.

இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் ஸ்பீல்பெர்க்கோட 'ஜாஸ்', 1975ல வந்தது. அதுல படம் ஆரம்பிச்சு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகியும் சுறா முழுசா கண்ணுல படாது. வேணும்னே பண்ணல, இயந்திர சுறா ஒண்ணு செஞ்சு கடல்ல இறக்கினா உப்புத்தண்ணி பட்டு அது அடிக்கடி ரிப்பேர் ஆயிடுச்சு, வேற வழியில்லாம சுறா மேல கட்டிவிட்டு தண்ணில மிதக்குற மஞ்சள் பீப்பாயையும் ஜான் வில்லியம்ஸ் போட்ட அந்த ரெண்டு சுர இசையையும் வச்சே ஒப்பேத்தினாங்க. நான் அதைச் சின்னத் திரையிலதான் பார்த்தேன், ஆனா அந்தப் பீப்பாய் தண்ணிக்குள்ள போறப்போ காலைத் தூக்கி சோஃபா மேல வச்சுக்கிட்டேன். சுறா ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா இவ்வளவு பெரிய படமா வந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான்.

நம்ம ஊர் சினிமா இதை அதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கு, அதுவும் காமெடிப் படத்துல. 1964ல வந்த ஸ்ரீதரோட 'காதலிக்க நேரமில்லை', அதுல நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்ற சீன் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. அதை எங்க அக்கா பொண்ணுக்குப் போட்டுக் காட்டினேன், அப்போ அவளுக்கு ஆறு வயசு. என் கையைப் பிடிச்சுக்கிட்டே பார்த்தா. திரையில ரெண்டு பேரு, அவ்வளவுதான். நாகேஷ் குரலை ஏத்தி இறக்கி, சத்தமெல்லாம் வாயாலயே போட்டுக்கிட்டு போவார், பாலையா முகம் கொஞ்சம் கொஞ்சமா வெளிறும். சீன் முடிஞ்சதும் குட்டி என்கிட்ட கேட்டா, "மாமா, அந்தப் பேய் இப்போ எங்க போச்சு?" அவ பேயைப் பார்த்திருக்கா! பாலையாவோட கண்ணுக்குள்ள பார்த்திருக்கா. நான் எத்தனையோ தடவை பார்த்து சிரிச்ச சீன், அது பேய்ப் படமாவும் வேலை செய்யுதுன்னு அந்தக் குழந்தை கேட்ட பிறகுதான் உறைச்சுது. பாலையா மாதிரி கேக்குறதுக்கு ஒரு நடிகர் இல்லன்னா நாகேஷோட அந்தக் கதை பாதி கூட எடுபட்டிருக்காது, இது என் கருத்து, யாரு சண்டைக்கு வந்தாலும் மாத்திக்க மாட்டேன்.

த்ரில்லர்ல ஹிட்ச்காக்கோட 'சைக்கோ', 1960. குளியலறைக் கொலை சீன்ல கத்தி உள்ள போறதை நானே பார்த்தேன்னு ரொம்ப வருஷமா சாதிச்சிட்டு இருந்தேன். ஒரு நாள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தா, கத்தி, கை, தண்ணி, வாய், காலடி, இப்படித் துண்டு துண்டாத்தான் வருது, குத்து விழுற மாதிரி நம்மளை நினைக்க வச்சது அந்த எடிட்டிங் வெட்டும் சத்தமும்தான். சத்தம் முலாம்பழத்தைக் கத்தியால குத்தி எடுத்தது, ரத்தம் சாக்லேட் சிரப். கருப்பு வெள்ளைப் படம்ங்கிறதால செல்லுபடி ஆச்சு. ஹிட்ச்காக் முதல்ல அந்த இடத்துல இசையே வேண்டாம்னு நினைச்சவரு, பெர்னார்ட் ஹெர்மன் வயலின்ல கிறீச் கிறீச்சுன்னு போட்டுக் காட்டின பிறகுதான் மனசு மாறினாராம்.

அதே மாதிரி சிட்னி லூமெட்டோட '12 ஆங்ரி மென்', 1957. கொலையே காட்டல! ஒரு கொலை வழக்குல தீர்ப்பு சொல்ல வேண்டிய ஜூரிங்க பன்னெண்டு பேரு ஒரு ரூம்ல உக்காந்து வாதம் பண்றாங்க, அவ்வளவுதான் கிட்டத்தட்ட முழுப் படமும். முதல் தடவை பார்த்தப்போ கடைசில மூச்சு முட்டுற மாதிரி ஏன் இருந்துச்சுன்னு புரியல. ரெண்டாவது தடவைதான் விளங்குச்சு, போகப் போக லென்ஸை மாத்தி, கேமராவைக் கீழ இறக்கி, சுவரெல்லாம் அவங்களை நெருக்குற மாதிரி பண்ணியிருக்காங்க, கடைசிக் கட்டத்துல கூரை கூட ஃபிரேமுக்குள்ள வந்துடும். நம்ம எஸ். பாலச்சந்தரோட 'அந்த நாள்' 1954ல வந்தது, பாட்டே இல்லாம, சிவாஜியை ஆரம்பத்துலயே சுட்டுட்டு, சுட்டது யாருன்னு ஒவ்வொருத்தர் வாயாலயும் கதையை நகர்த்துவாங்க. அந்தக் காலத்துல பாட்டில்லாம ஒரு தமிழ்ப் படம்னா என்ன துணிச்சல் வேணும் யோசிச்சுப் பாருங்க.

காதல்ல '96', 2018. ஒரு ராத்திரி பூரா ராமும் ஜானுவும் கூடவே இருக்காங்க, கட்டிப்பிடிக்கக் கூட இல்ல. என் ஃப்ரெண்டு ஒருத்தன் "இதெல்லாம் ஒரு காதலாடா"ன்னு பாதிலயே கடுப்பாயிட்டான். எனக்கு நேரெதிர். கார்ல கியர் பக்கத்துல அந்த ரெண்டு கை எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பார்த்துட்டே இருந்தேன், வேற எந்த முத்தக் காட்சியும் எனக்கு அவ்வளவு படபடப்பைக் கொடுத்ததில்ல. ஒரே ஒரு குறை, சில இடத்துல பின்னணி இசை நமக்கு முன்னாடியே அழ ஆரம்பிச்சிடுது, கொஞ்சம் சும்மா விட்டிருந்தா நாமளே அழுதிருப்போம்.

அனிமேஷன் குழந்தைங்களுக்குன்னு ஒதுக்குறவங்க மியாசாக்கியோட 'ஸ்பிரிட்டட் அவே' (2001) பாருங்க. தண்ணி மேல போற ரயில்ல கதாநாயகியான சின்னப் பொண்ணு உக்காந்திருக்கும், கூட நிழல் மாதிரி சில ஆளுங்க, ஸ்டேஷன் வந்தா மூட்டையோட இறங்கிப் போயிடுவாங்க. யாரு என்னன்னு ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அந்தப் படத்துலயே அதுதான் உசத்தி.

ஆனா காட்டாம விட்டாத்தான் நல்ல படம்னு நான் சொல்ல வரல. அடிதடிப் படத்துல இது செல்லாது. கேமராவை ஆட்டோ ஆட்டுன்னு ஆட்டி, நொடிக்கு நாலு வெட்டு வெட்டி, யாரு யாரை அடிச்சான்னே தெரியாம எடுக்குறாங்க பாருங்க, அதுல எனக்கு நிஜமாவே கோபம் வரும். 1928ல பஸ்டர் கீட்டன் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்'ல என்ன பண்ணாரு, வீட்டோட முகப்புச் சுவர் முழுசா அவர் மேல சாயுது, மாடி ஜன்னல் ஓட்டை சரியா அவர் நிக்கிற இடத்துல வந்து விழுறதால தப்பிக்கிறாரு. நிஜச் சுவர். தள்ளி நின்னு ஒரே ஷாட்ல காட்டினாத்தான் அது சினிமா. 1985ல வந்த 'போலீஸ் ஸ்டோரி'ல ஜாக்கி சான் கம்பத்துல சறுக்கி இறங்குறதை வேற வேற கோணத்துல திரும்பத் திரும்பக் காட்டுவாங்க, காட்டட்டும், உயிரைப் பணயம் வச்சு செஞ்சதுக்கு அது மரியாதை.

அப்புறம் 'விசாரணை'. வெற்றிமாறனோட படம், தானே லாக்கப்ல அடிபட்ட மு. சந்திரகுமார் எழுதின 'லாக்கப்' நாவல்ல இருந்து வந்தது. ஸ்டேஷன்ல அடிக்கிற சீன்ல நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். இவ்வளவு காட்டணுமான்னு வெளிய வந்து கூட வந்தவங்ககிட்ட கத்தினேன் கூட. ராத்திரி படுத்த பிறகு தோணுச்சு, இதைக் காட்டாம கதவை மூடியிருந்தா அது நிஜத்துலயும் நடக்குற அதே வேலைதானே, அங்கயும் கதவை மூடிக்கிட்டுத்தானே அடிக்கிறாங்க. மறுநாள் அவங்களுக்கு ஃபோன் பண்ணி நேத்து சொன்னதை வாபஸ் வாங்கிட்டேன்.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சிடுறேன், முடிவு தெரிஞ்சிடும், இன்னும் பார்க்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க. மகேந்திரனோட 'உதிரிப்பூக்கள்', 1979. போன மாசம் திரும்பவும் பார்த்தேன். எல்லாரையும் கொடுமைப்படுத்தின சுந்தரவடிவேலுவை ஊரே சேர்ந்து ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகுது, அவனும் ஆத்துல இறங்கிச் செத்துப் போறான். சின்ன வயசுல பார்த்தப்போ ஒழிஞ்சான்னு சந்தோஷமா இருந்துச்சு. இந்தத் தடவை அவன் மேல கண்ணே போகல, கரையில இருக்குற அவனோட ரெண்டு பிள்ளைங்க மேலதான் போச்சு. ஏற்கனவே அம்மா கிடையாது. அன்னைக்கு ராத்திரி அதுங்க யார் வீட்டுல சாப்பிட்டுச்சு, எங்க படுத்துச்சுன்னு படத்துல இல்ல. ஒரு மாசமா எனக்கு அதே நினைப்பாத்தான் இருக்கு.