பல்லிக்குஞ்சுக்கு என்ன சாப்பாடு கொடுப்பது?

வணக்கம், கல்லடியில் இருந்து எழுதுகிறேன். பெயின்ற் அடிக்க அலுமாரியை நகர்த்தியபோது இரண்டு பல்லி முட்டைகள் கிடைத்தன. புரட்டினால் கரு செத்துவிடும் என்று, கிடந்த வாக்கிலேயே மணல் போட்ட ஐஸ்கிறீம் பெட்டியில் வைத்தேன். ஆறு கிழமை கழித்து முந்தநாள் ஒன்று பொரித்தது. தீக்குச்சி அளவுதான்! முதல் தோலை உரித்துத் தானே தின்றுவிட்டது. சுவரில் தெளித்த தண்ணீரையும் நக்குகிறது. சாப்பாடுதான் பிரச்சினை. நுளம்பு பிடித்துப் போட்டேன், திரும்பியும் பார்க்கவில்லை. வாழைப்பழத் தோலில் வரும் சின்ன இலையான் போதுமா, கல்சியம் தூளும் தூவ வேண்டுமா? மற்ற முட்டையை இன்னும் எத்தனை நாள் பார்க்கலாம்? கொஞ்சம் தேறியதும் சுவரிலேயே விட்டுவிடுவேன். அம்மாவோ, தலையில் விழுந்தால் என்ன பலன் என்று இப்போதே பஞ்சாங்கம் புரட்டுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.