ரிட்லர் விருது: ஒருமுறை காட்டிவிட்ட வண்டிக்கு வழி உண்டா?

கேள்வி:
ஆறு வருஷம் உழைத்து 1934 ஃபோர்டு கூப்பே (கூரை மூடிய இரண்டு கதவுக் கார்) ஒன்றைக் கட்டி முடித்தேன். ஆசை தாங்காமல் போன மாதம் ஒரு சின்னக் கண்காட்சியில் நிறுத்திவிட்டேன். பத்துப் பேர்கூடப் பார்க்கவில்லை. இப்படி மாற்றிக் கட்டிய கார்களுக்குத் தரும் ரிட்லர் விருதுக்கு இனி அனுப்பலாமா?

பதில் 1:
முடியாது. வண்டி முதன்முதலாகத் திரை விலக்குவது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடக்கும் ஆட்டோரமா கார் கண்காட்சியில்தான் இருக்க வேண்டும். 1964 முதல் தரும் விருது அது. பத்துப் பேர் என்ன, ஒருவர் பார்த்தாலும் கண்காட்சி கண்காட்சிதான்.

பதில் 2:
அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர் விருதும் ஆகாது. ரோட்ஸ்டர் என்றால் மேலே திறந்த கார்; உங்களுடையது கூப்பே ஆயிற்றே!

பதில் 3:
நானும் இப்படி அவசரப்பட்டவன்தான். ஆனால் விதியை விடுங்கள், அடிப்பாகம் எப்படி? அங்கே வண்டிக்கு அடியில் கண்ணாடி வைத்துக் காட்டுவார்கள். முதலில் 'கிரேட் எய்ட்' என்று எட்டு வண்டிகளைப் பொறுக்குவார்கள். அதில் நுழைய, யார் கண்ணிலும் படாத போல்ட்டின் தலைகூட மின்ன வேண்டும். என் வண்டியில் மேலே பளபளப்பு, கீழே வெல்டிங் தழும்பு.

கேட்டவர்:
அடிப்பாகமா... சரி, அடுத்த வண்டிக்கு இப்போதே கொட்டகைக் கதவைப் பூட்டிவிடுகிறேன்.