489 வெற்றி: பயிற்சி முறையா, ஆள்பலமா?

பனிக்கரடி:
மினசோட்டாவின் காலேஜ்வில்லில் பெனடிக்ட் துறவிகள் நிறுவிய செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் சிறியது. அங்கே 1953 முதல் 2012 வரை அமெரிக்கக் கால்பந்து அணியைப் பயிற்சியாளராக நடத்தியவர் ஜான் கலியார்டி. முன்பு மொன்டானாவின் கரோல் கல்லூரியில் பெற்றதையும் சேர்த்து 489 வெற்றி. கல்லூரிக் கால்பந்தில் வேறு எவரும் இதை எட்டியதில்லை. இத்தனைக்கும் பயிற்சியில் டாக்கிள் (பந்தோடு ஓடுபவனை மோதித் தரையில் வீழ்த்துவது) கிடையாது, விசில் கிடையாது, வந்தவனை அணியிலிருந்து கழிப்பதும் கிடையாது. கொசுத் தொல்லை அதிகம் என்றால் பயிற்சியே ரத்து! வீரர்கள் அவரை ‘ஜான்’ என்றே கூப்பிட வேண்டும். அலபாமா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் ‘பேர்’ பிரையன்ட் வரிசையில் இவரை வைக்க ஏன் இவ்வளவு தயக்கம்?

கணக்குப்பிள்ளை:
நான் வைக்க மாட்டேன். கல்லூரி விளையாட்டில் முதல் பிரிவுதான் உச்சம்; இவர்கள் ஆடிய மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கான உதவித்தொகை இல்லை, எல்லாரும் சமம் என்பதெல்லாம் ஏட்டளவில்தான். யாரையும் கழிக்காததால் அவரிடம் 150 பேருக்கு மேல் இருந்தார்கள். எதிரே நிற்கும் சின்னக் கல்லூரி, அடிபட்டவனுக்கு மாற்று ஆள் தேடித் திணறும். அதே பிரிவில் ஒஹையோவின் மவுன்ட் யூனியன் கல்லூரிப் பயிற்சியாளர் லாரி கேரஸைப் பாருங்கள்: 332 வெற்றி, 24 தோல்வி, 3 சமன், 11 தேசிய சாம்பியன் பட்டம். கலியார்டிக்குத் தோல்வி மட்டும் 138, பட்டம் நான்கு. அறுபது பருவம் ஒரே நாற்காலியில் இருந்தால் எண்ணிக்கை ஏறத்தானே செய்யும்?

பனிக்கரடி:
கேரஸ் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் 2003 தேசிய இறுதி ஆட்டத்தை வசதியாக விட்டுவிட்டீர்களே! தொடர்ந்து 55 ஆட்டங்களில் வென்றிருந்த அதே மவுன்ட் யூனியனை 24-6 என்று வீழ்த்தியவர் யார்? அப்போது அவருக்கு வயது 77. கூட்டம் எத்தனை இருந்தாலும் களத்தில் இறங்குவது பதினொரு பேர்தான் ஐயா.

ஓரக்கோடு:
குறுக்கே ஒரு சந்தேகம். வாரம் முழுக்க டாக்கிள் செய்யாதவன் சனிக்கிழமை ஆட்டத்தில் மட்டும் எப்படிச் செய்வான்?

பனிக்கரடி:
பந்தோடு ஓடுபவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று கணித்து, அவன் வரும் வழியில் முந்திப் போய் நிற்பதுவரை பழக்குவார். கடைசி மோதல் மட்டும் ஆட்டத்துக்கு மிச்சம். காயமில்லாத அணி சனிக்கிழமை முழுதாகக் களமிறங்கும். 2010இல் டார்ட்மத் கல்லூரியில் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸும் பயிற்சியில் டாக்கிளை நிறுத்தினார். 2016இல் டார்ட்மத் உள்ளிட்ட எட்டுப் பழைய பல்கலைக்கழகங்களின் ஐவி லீக் பயிற்சியாளர்கள், பருவகாலப் பயிற்சியில் அது வேண்டாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
அது மூளைக்காயம் பற்றிய கவலையில் எடுத்த முடிவு. உடல் நலத்துக்கு நல்லது என்றால் நானும் கைதட்டுகிறேன். பட்டம் வாங்கித் தருமா என்பதுதான் என் கேள்வி. 1976க்கும் 2003க்கும் இடையே 27 ஆண்டுகள் பட்டமே இல்லை, முறையோ அதேதான். அவருடைய கடைசி மூன்று பருவங்களிலும் வட்டார லீக் பட்டத்தைக் கொண்டுபோனது செயின்ட் தாமஸ்.

ஓரக்கோடு:
செயின்ட் தாமஸை உதாரணம் காட்டுவது நியாயமா? அந்த லீக்கிலேயே பெரிய பல்கலைக்கழகம் அது. 2017இல் அதே லீக்கின் செயின்ட் ஓலாஃப் கல்லூரியை 97-0 என்று நசுக்கினார்கள். 2019இல் லீக்கே அவர்களை வெளியேற்ற முடிவு செய்தது. 2021இல் நேராக முதல் பிரிவுக்குப் போய்விட்டார்கள்.

பனிக்கரடி:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அந்த அளவும் வசதியும் உள்ள இடத்தோடு துறவிகளின் கல்லூரி எப்படி மல்லுக்கட்டும்?

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் ஆள்பலம்தான் ஜெயிக்கிறது என்று இப்போது நீங்களே எழுதிவிட்டீர்கள். செயின்ட் ஜான்ஸ் ஜெயித்தால் முறை, தோற்றால் அளவா?